படப் புத்தகங்களின் வழியே உலகம்: புதுச்சேரி, கடலூர்ப் பெற்றோருக்கான தொடக்க வழிகாட்டி

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வேற்று நாட்டு மக்களின் வாழ்க்கையைப் படப் புத்தகங்களின் வழியே அறிமுகப்படுத்த விரும்புகிற பெற்றோர், தாத்தா பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதற்கு வெளிநாட்டுப் பயண அனுபவமோ பிறமொழிப் புலமையோ வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள்கள், இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையில் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது ‘உலக நாடுகள்’ என்ற வகைப் பெரிய அளவுப் புத்தகத்தைத்தான். பக்கத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு கொடி, ஓர் உடை, ஒரு கட்டடம், ஒரு தின்பண்டம் என்று அது ஓடும். குழந்தை அதைப் புரட்டி முடிக்கும்போது ஜப்பானியர் எல்லாரும் எப்போதும் கிமோனோ அணிந்திருப்பர் என்றும், எகிப்தியர் பிரமிடுக்கு அடுத்த வீட்டில் வசிப்பர் என்றும் நம்பத் தொடங்கியிருக்கும். ஐந்து வயதில் பதியும் இத்தகைய சித்திரத்தைப் பின்னர் அழிப்பது கடினம். ஆகவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே கொள்கையைச் சுற்றியே அமைந்துள்ளன: ஒரு நாட்டை விளக்கும் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, அந்த நாட்டில் வாழும் ஒரு குழந்தையின் சாதாரண நாளைச் சொல்லும் புத்தகத்தைத் தேடுங்கள். தம்பியோடு சண்டை, மழையில் தொலைந்த குடை, பாட்டி வீட்டுப் பேருந்துப் பயணம், பள்ளிக்குப் போக மறுக்கும் திங்கட்கிழமை ஆகியவை எந்த நாட்டிலும் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டுதான் குழந்தை அந்த நாட்டுக்குள் நுழைகிறது.

முதற்படி: சொந்த ஊரிலிருந்து புறப்படுதல்

உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன், உங்கள் ஊரில் ஏற்கெனவே உள்ள உலகத்தைக் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். இந்த வகையில் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு வாய்த்திருக்கும் வசதி தமிழகத்தின் பல ஊர்களுக்கு வாய்க்கவில்லை.

அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தலைமையில் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த இருகைப்பிடி மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அங்கு கிடைத்த பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அழைத்துச் சென்று, “இந்தப் பானை கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்தது” என்ற ஒரு வரியை மட்டும் சொன்னால் போதும்; ரோமானியப் பேரரசின் வரலாறு இப்போது தேவையில்லை. காவலர் தலையில் இருக்கும் சிவப்புத் தொப்பி, நகரின் பழைய பகுதிகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட தெருப் பலகை, ஜூலை 14-ஆம் நாள் கடற்கரைச் சாலையில் நடக்கும் பிரெஞ்சு தேசிய நாள் விழா ஆகியவையும் இவ்வாறே உதவும். 1954 நவம்பர் முதல் நாள் வரை இவ்வூரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டனர் என்பதைக் குழந்தைக்கு எட்டும் அளவில் சொல்லலாம். ஆரோவில் தொடங்கப்பட்ட 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பிடி மண் ஒரு தாழியில் இடப்பட்டது என்ற செய்தியைக் கேட்ட குழந்தைகள், தம் தெரு மண்ணையும் ஒரு டப்பாவில் சேகரிக்க விரும்புவது உறுதி; தடுக்க வேண்டாம்.

கடலூரில் இருப்போர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து தொடங்கலாம். 1690-இல் ஆங்கிலேயர் அதை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் அவர்களுக்கே என்று பேசப்பட்டது. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வயதுப் பையனுக்கு இதைவிடச் சுவையான வரலாற்றுப் பாடம் கிடைப்பது அரிது. பரங்கிப்பேட்டை உறவினர் உள்ள குடும்பங்களில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தவர்களின் கதைகள் கட்டாயம் இருக்கும். அவற்றை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரே ஒரு நாடு

முதல் ஒன்றரை மாதத்துக்கு ஒரே நாட்டோடு இருங்கள். வாரம் ஒரு நாடு என்று திட்டமிட்டால் பெரியவர்களுக்குச் சாதித்த நிறைவு கிட்டும். குழந்தைக்கு எதுவும் கிட்டாது. ஒரே நாட்டைப் பற்றி மூன்று நான்கு புத்தகங்கள் படிக்கும்போது மட்டுமே அந்த நாட்டில் பலவகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது தானாகவே விளங்கும். நகரத்துக் குழந்தை ஒன்றில் வரும். ஆற்றங்கரைக் குழந்தை இன்னொன்றில் வரும். அம்மா மருத்துவராக ஒன்றிலும், மீன் விற்பவராக இன்னொன்றிலும் இருப்பார்.

எந்த நாட்டை முதலில் எடுப்பது என்று கேட்கும் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் வியட்நாமைச் சொல்வேன். பிரான்சைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு: அதை ஊரே சொல்லிக்கொடுத்துவிடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு ஊழியர்களாகவும் படைவீரர்களாகவும், அப்போது அதே ஆட்சியின் கீழ் இருந்த வியட்நாமின் சைகோன் நகருக்குச் சென்று, பின்னர் திரும்பிவந்த குடும்பங்கள் இங்கே பல உள்ளன. சில வீடுகளில் வியட்நாமியப் பாட்டிகள் இருந்திருக்கிறார்கள்; அவர்கள் கொண்டுவந்த சமையல் இன்றும் அந்த வீடுகளில் தொடர்கிறது. சைகோன் இப்போது ஹோ சி மின் நகரம் என அழைக்கப்படுகிறது. அதன் நடுவே தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியரும் அங்கே வந்து வழிபடுகின்றனர். தெற்கு வியட்நாமில் புத்தாண்டான தெத் பண்டிகைக்கு, ஒட்டும் தன்மையுள்ள அரிசியையும் பயற்றம்பருப்பையும் வாழை இலையில் உருளையாகச் சுற்றிக் கட்டிப் பல மணி நேரம் வேகவைப்பார்கள். வீட்டார் கூடி உட்கார்ந்து இலை துடைப்பதும், நூல் கட்டுவதும், பானைக்கு அருகே குழந்தைகள் கண் விழித்துக் காத்திருப்பதும் படத்தில் வந்தால், உங்கள் குழந்தை அதை அயல்நாட்டுக் காட்சியாகப் பார்க்காது.

மூன்றாம் படி: புத்தகம் எங்கே கிடைக்கும்

வாங்குவதற்கு முன் நூலகம் செல்லுங்கள். புதுச்சேரியில் 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் உள்ளது. கடலூரில் மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் உள்ளன. குழந்தைகள் பகுதியில் வரிசையாக அடுக்கிய புத்தகங்களின் முதுகைப் பார்த்துத் தேடினால் படப் புத்தகம் கண்ணில் படாது. அவை மெலிந்தவை, பெரும்பாலும் 32 பக்கங்களுக்குள் முடிந்துவிடும், தடித்த புத்தகங்களுக்கு இடையே மறைந்திருக்கும். நூலகரிடம் கேட்டு ஓர் அடுக்கையே எடுத்து மேசையில் பரப்பிக்கொள்ள வேண்டும்.

வாங்குவதானால் விலை குறைந்தவை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள். அந்நிறுவனமும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957 முதல் இயங்கிவருகின்றன. சென்னையைச் சேர்ந்த துலிகா பல இந்திய மொழிகளிலும், இரு மொழிப் பதிப்புகளாகவும் படப் புத்தகங்களை வெளியிடுகிறது. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பது பாட்டியும் பேத்தியும் சேர்ந்து படிக்க வசதியானது. அதே நகரத்துத் தாரா பதிப்பகம் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு, வங்கத்துப் பட்டுவா போன்ற நாட்டார் ஓவியர்களைக் கொண்டு கையால் அச்சிட்ட புத்தகங்களை உருவாக்குகிறது. அவை விலை கூடியவை. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். உலகம் என்றவுடன் கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை என்பதையும் அவை நினைவூட்டும்; நம் குழந்தைக்கு மத்தியப் பிரதேசத்துக் காடும் புதிய நாடே.

பணமே செலவிடாமல் தொடங்க விரும்புவோருக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளம் பெரும் உதவி. திறந்த உரிமத்தில் உள்ள அதன் கதைகளைத் தமிழிலும் பல உலக மொழிகளிலும் இலவசமாகப் படிக்கலாம். பதிவிறக்கி அச்சிடவும் தடையில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து இயங்கும் ஆப்ரிக்கன் ஸ்டோரிபுக் என்ற தளத்தில் ஆப்பிரிக்க ஆசிரியர்களும் ஓவியர்களும் உருவாக்கிய எளிய கதைகள் உள்ளன. கதைகளைக் கைப்பேசியில் காட்டுவதைத் தவிருங்கள். சிறிய திரையில் படத்தின் மூலைகள் தெரியாது, மேலும் குழந்தையின் விரல் அடுத்த காணொளிக்குத் தாவிவிடும். ஜெராக்ஸ் கடையில் கருப்பு வெள்ளையில் அச்சிட்டு, நடுவில் ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தால் குழந்தையே வண்ணம் தீட்டிக்கொள்ளும்.

பழைய வீடுகளின் பரணில் சோவியத் காலத் தமிழ்ச் சிறுவர் புத்தகங்கள் இருந்தால் இறக்கிவையுங்கள். வழுவழுப்பான தாளும் பனி மூடிய சிற்றூர்களும் இன்றும் குழந்தைகளைக் கவர்கின்றன. ஆனால் அந்த நாடு இப்போது இல்லை என்பதையும், படத்தில் உள்ளது பாட்டியின் சிறுவயதுக் காலம் என்பதையும் சொல்லிவிட்டுப் படிக்க வேண்டும்.

நான்காம் படி: கடையில் நின்றபடியே சோதித்தல்

இதுவே மிக முக்கியமான படி. ஒரு புத்தகம் பிற மக்களை நேர்மையாகக் காட்டுகிறதா என்பதை அறிய நான் பயன்படுத்தும் உரைகல் எளியது. புதுச்சேரியைப் பற்றி எங்கோ ஒரு நாட்டில் ஒரு படப் புத்தகம் வெளிவந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் யானை, பாம்பாட்டி, தலைப்பாகை, மாட்டுவண்டி ஆகியவை மட்டும் இருந்து, பள்ளிப் பேருந்தும் ஸ்கூட்டியும் தேநீர்க் கடையும் இல்லாமல் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? யானை பொய்யில்லை, மணக்குள விநாயகர் கோயிலுக்கு எதிரே லட்சுமி யானையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆனாலும் அது மட்டுமே நாமாகிவிட மாட்டோம். கையில் உள்ள புத்தகம் மற்றவர்களுக்கு அதே அநீதியைச் செய்கிறதா என்று பார்ப்பதே சோதனை.

சோதனையைப் படங்களிலிருந்து தொடங்குங்கள். கூட்டமாக வரும் மனிதர்களின் முகங்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றனவா? கதை நிகழ்வது இன்றா, நூறு ஆண்டுக்கு முன்பா? பழங்காலக் கதையாயின் குற்றமில்லை. ஆனால் ஒரு நாட்டைப் பற்றி வீட்டில் உள்ள எல்லாப் புத்தகங்களும் பழங்காலத்திலேயே நின்றுவிடக் கூடாது. ஜப்பான் பற்றிய புத்தகத்தில் கிமோனோவும் செர்ரிப் பூவும் இருக்கட்டும்; கூடவே, முதல் வகுப்புக் குழந்தைகள் மஞ்சள் தொப்பியும் முதுகில் கெட்டியான தோல் பையுமாக நடந்தே பள்ளிக்குச் செல்வதும், மதிய உணவைத் தாங்களே பரிமாறிக்கொள்வதும், வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைப்பதும் இருந்தால் அது நல்ல புத்தகம். இந்தக் காட்சியைக் கண்ட குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பெற்றோர் ஆயத்தமாக இருப்பது நல்லது. அடுத்த நாளே நம் வீட்டில் யார் தட்டைக் கழுவுவது என்ற விவாதம் எழும்.

அடுத்து, கதையில் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் பாத்திரத்துக்கு மட்டும் பெயரும் பேச்சும் இருந்து, உள்ளூர் மக்கள் பெயரின்றிப் புன்னகைத்துக்கொண்டு மட்டும் இருந்தால் புத்தகத்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம். சிக்கலைத் தீர்ப்பவர் யார் என்பதும் அதே போன்றது. கிணறு வறண்ட ஊருக்கு எங்கிருந்தோ ஒருவர் வந்து உதவுவதாகவே எல்லாக் கதைகளும் சொன்னால், அந்த ஊர் மக்களுக்குத் தம் கிணற்றைத் தோண்டவும் தெரியாது என்று குழந்தை எடுத்துக்கொள்ளும்.

இடம் குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்பது மூன்றாவது. ‘ஆப்பிரிக்காவில் ஒரு சிறுமி’ என்று தொடங்கும் புத்தகத்தை ஐயத்தோடு அணுகுங்கள். அக்கண்டத்தில் 54 நாடுகள் உள்ளன; கென்யாவின் நைரோபியில் வண்ண வண்ணமாக ஓவியம் தீட்டிய மத்தாத்து எனப்படும் சிற்றுந்தில் செல்லும் சிறுமியும், சஹாராவின் ஓரத்தில் ஒட்டகம் மேய்க்கும் சிறுமியும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எழுதியவர் யார் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே எழுதியோ வரைந்தோ இருந்தால், பெரும்பாலும் சின்னச் சின்ன விவரங்களில் அது தெரியும்: சமையலறையில் எது எங்கே தொங்குகிறது, செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், பாட்டி குழந்தையை எப்படித் தூக்குகிறார் போன்றவை. வெளியார் எழுதக் கூடாது என்பது என் கருத்தன்று; ஆனால் வெளியார் எழுதியது மட்டுமே உங்கள் அடுக்கில் இருக்குமானால் அது குறைதான். அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறரைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். இதைச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் சில வீடுகளில் ஆங்கிலப் புத்தகங்கள் மட்டுமே குவிந்து, பனியும் ஊசியிலை மரமும் நன்கு அறிந்த குழந்தை, மீன்பிடித் துறைமுகத்தையோ சவுக்குத் தோப்பையோ எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அத்தகைய வீட்டில் முதலில் வாங்கவேண்டியது தமிழ்நாட்டுக் குழந்தையைக் காட்டும் புத்தகமே.

ஐந்தாம் படி: படிக்கும் முறை

புத்தகத்தை முதலில் நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருந்தால் வரிக்கு வரி மொழிபெயர்க்க முயலாமல், கதையை உள்வாங்கி, வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லுங்கள். பாத்திரங்களின் பெயர்களை மட்டும் மாற்ற வேண்டாம். மின் என்ற பெண்ணை மீனா ஆக்கினால் புரிதல் எளிதாகும் என்று தோன்றும். ஆனால் தனக்குப் பழக்கமில்லாத பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுவதே பிறரை மதிப்பதன் முதல் பயிற்சி. உச்சரிப்பை யூடியூபில் கேட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள்.

முதல் நாள் கேள்வி எதுவும் கேட்காமல் கதையை மட்டும் சொல்லி முடியுங்கள். இடையிடையே நிறுத்தி, “இது எந்த நாடு? தலைநகர் என்ன?” என்று தேர்வு வைத்தால் குழந்தை புத்தகத்தைக் கண்டதும் ஓடிவிடும். இரண்டாம் நாள் சொற்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள்; படப் புத்தகத்தில் பாதிக் கதை எழுதப்படாமல் ஓவியத்திலேயே இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து உரையாடலாம். குழந்தையைக் கேட்பவராக மட்டும் வைத்திராமல் கதை சொல்பவராக மாற்றும் இம்முறையை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் உடன் பணியாற்றியோரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்தனர். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியைக் கேட்பது, குழந்தை சொன்னதை இன்னும் ஓரிரு சொற்கள் சேர்த்துத் திருப்பிச் சொல்வது, கதையைக் குழந்தையின் வாழ்வோடு இணைப்பது ஆகியவை அதன் சாரம்.

மூன்று நான்கு வயதில் “பாட்டி கையில என்ன வெச்சிருக்காங்க?” என்பது போதும். ஐந்து ஆறு வயதில் “இந்தப் பாப்பா ஏன் கோவமா இருக்கு? நீயா இருந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்கலாம். ஏழு எட்டு வயதில், “இந்தப் படத்துல எது நம்ம ஊர் மாதிரி இருக்கு, எது இல்லை?” என்ற கேள்வி நன்றாக வேலை செய்யும். இரண்டு பாதிகளும் முக்கியம். ஒற்றுமைகளை மட்டும் தேடி, “பாரு, அவங்களும் நம்மள மாதிரிதான்” என்று ஒவ்வொரு முறையும் முடித்துவிட்டால், உண்மையாகவே வேறுபட்டிருப்பதைப் பார்க்கும் கண் மழுங்கிவிடும். சில வேறுபாடுகள் வேறுபாடுகளாகவே இருக்கட்டும்.

இங்கேதான் “ச்சீ” என்ற சொல்லும் வந்து சேரும். கடற்பாசியை உண்பது, வெட்டுக்கிளியை வறுத்துத் தின்பது, இறந்தவரின் படத்துக்கு முன் சிரித்துப் பாடுவது ஆகியவற்றைக் கண்டு முகம் சுளிக்கும் குழந்தையைக் கண்டிக்க வேண்டாம்; கண்டித்தால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் சுளிக்கும். “உனக்குப் பிடிக்காம இருக்கலாம். அந்தப் பாப்பாவுக்கு அது அவங்க பாட்டி செய்யற பண்டம். நம்ம கருவாட்டு வாசனையப் பிடிக்காதவங்களும் இருக்காங்க இல்ல?” என்பது போன்ற பதில் போதுமானது. சைவ வீடாயின் கருவாட்டுக்குப் பதிலாகப் பெருங்காயத்தைச் சொல்லுங்கள். தோல் நிறம் பற்றிய பேச்சு வந்தால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். கறுப்பு அழகில்லை என்ற எண்ணத்தை நம் குழந்தைகள் வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து கற்பதைவிட நம் வீட்டுக் கூடத்திலிருந்துதான் கூடுதலாகக் கற்கின்றனர்; கூடவே பெரியவர்களும் அப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது நன்மையே தரும்.

ஆறாம் படி: கைவேலையும் நாட்காட்டியும்

புத்தகம் மூடிய பிறகு ஏதாவது ஒன்றைச் செய்தால் கதை உடலில் தங்கும். ஆனால் மாறுவேடப் போட்டி வேண்டவே வேண்டாம். அட்டையில் இறகு ஒட்டித் தலையில் கட்டிவிட்டு அமெரிக்கப் பழங்குடி என்று மேடையேற்றுவது, ஒரு மக்களின் வழிபாட்டுப் பொருளை விளையாட்டுச் சாமானாக்குவது ஆகும்.

மாறாக, இங்கே நடப்பதையும் அங்கே நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவதைக் குழந்தை பார்த்திருக்கும். பிரேசிலின் சால்வடோர் நகரில் பிப்ரவரி 2-ஆம் நாள் மீனவர்கள் யெமன்ஜா என்ற கடல் தெய்வத்துக்குப் பூவும் வாசனைத் திரவியமும் கூடைகளில் வைத்துப் படகில் கொண்டுசென்று கடலில் விடுகின்றனர். அத்தெய்வம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட யொரூபா மக்களுடன் பிரேசிலுக்குச் சென்றது என்பதை எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லலாம். நான்கு வயதுக் குழந்தைக்குப் பூக்கூடை போதும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று புதுச்சேரியின் கிறித்தவக் கல்லறைகளில் மெழுகுவத்தியும் மலரும் நிறைந்திருக்கும். அதே நாளில் மெக்சிகோவில் செண்டுமல்லிப் பூவால் வழி அமைத்து இறந்தோரை வீட்டுக்கு அழைக்கின்றனர். செண்டுமல்லி நம் பூக்கடையிலும் கிடைக்கும். குவாத்தமாலாவின் அந்திகுவா நகரில், ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் வண்ண மரத்தூளாலும் மலர்களாலும் தெருவில் பெரும் கோலங்கள் இடப்படுகின்றன. ஊர்வலம் அவற்றின் மீதே நடந்து செல்லும். மார்கழிக் கோலம் போட்டுப் பழகிய வீட்டில், மரப்பட்டறையிலிருந்து ஒரு பை மரத்தூள் வாங்கிவந்து கோலப்பொடி கலந்து இதை வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

சமையலிலும் அவ்வாறே. எத்தியோப்பியாவின் இஞ்சேரா, தெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் பெரிய மெல்லிய அப்பம். தெஃப் நமக்கு எளிதில் கிடைக்காது. கேழ்வரகு மாவை அரிசி மாவோடு புளிக்கவைத்துத் தோசையாக வார்த்து, “இது போலத்தான், ஆனால் இது இல்லை” என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். ஒரே தட்டைச் சுற்றி எல்லாரும் அமர்ந்து, அன்புக்குரியவருக்கு ஒரு கவளத்தைத் தம் கையாலேயே ஊட்டும் குர்ஷா என்ற வழக்கம் அங்கே உண்டு. தாத்தாவுக்கு ஊட்டிவிடக் குழந்தைக்கு வாய்ப்பு கொடுங்கள்.

எல்லாக் கைவேலைகளிலும் நான் முதலிடம் கொடுப்பது கமிஷிபாய் என்ற ஜப்பானியக் காகித நாடகத்துக்கு. 1930-களில் மிட்டாய் விற்பவர்கள் மிதிவண்டியின் பின்னே மரச் சட்டம் ஒன்றைக் கட்டி, அதில் பட அட்டைகளைச் செருகி, தெருமுனையில் கூடிய குழந்தைகளுக்கு அட்டை அட்டையாக உருவியபடி கதை சொல்வர். செய்முறை எளிது. ஓர் அட்டைப் பெட்டியின் முன்புறம் ஏ4 தாளின் அளவுக்குச் சற்றுக் குறைவாகச் சன்னல் வெட்டுங்கள்; பக்கவாட்டில் அட்டைகளை உருவ ஒரு பிளவு விடுங்கள். குழந்தை தான் கேட்ட கதையை எட்டு அல்லது பத்துப் படங்களாக வரையட்டும். முதல் படத்துக்குரிய வசனத்தைக் கடைசி அட்டையின் பின்புறத்திலும், இரண்டாம் படத்தின் வசனத்தை முதல் அட்டையின் பின்புறத்திலும், இப்படியே வரிசையாக எழுத வேண்டும். உருவிய அட்டையை அடுக்கின் பின்னால் வைக்கும்போது, அடுத்து முன்னே தெரியும் படத்தின் வசனம் சொல்பவரின் கண்ணுக்கு நேராக வந்துவிடும். தெருப் பிள்ளைகளைக் கூட்டி மொட்டைமாடியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினால், கடலை மிட்டாய் வாங்கி வைக்க மறக்காதீர்கள்.

ஏழாம் படி: மனிதர்களைக் கேட்டல்

புத்தகம் சொல்வது சரிதானா என்று கேட்க இவ்வூரில் ஆள்கள் உண்டு. சைகோனில் பிறந்த பெரியவர் உங்கள் தெருவில் இருக்கலாம்; ஆரோவில்லைச் சேர்ந்தவர் உங்கள் பள்ளியில் கற்பிக்கலாம். அவர்களை வீட்டுக்கு அழைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து, “இதில் எது சரி, எது தவறு?” என்று கேளுங்கள். பிழைகளைச் சுட்டிக்காட்டும்போதுதான் நல்ல கதைகள் வெளிவரும். கடற்கரைச் சாலையில் நடந்து செல்லும் சுற்றுலாப் பயணிகளை நிறுத்தி, குழந்தையோடு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் பழக்கம் இதில் சேராது.

அடுத்த நாட்டுக்குச் செல்வது எப்போது என்று கேட்பீர்களானால், அதைக் குழந்தையின் கேள்விகளே முடிவு செய்யட்டும். வியட்நாமின் படகைக் கண்டு படகுகளைப் பற்றியே கேட்கும் குழந்தைக்கு அடுத்ததாக வங்கதேசத்தின் ஆற்றுப் படகோ கேரளத்தின் வள்ளமோ வரும் புத்தகத்தைத் தேடலாம். இதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்றில், படித்த புத்தகத்தின் பெயர், அதை எடுத்த நூலகம், குழந்தை கேட்ட கேள்வி ஆகியவற்றை மட்டும் குறித்துவைத்தால் அடுத்த தேர்வு எளிதாகும். பதில் தெரியாத கேள்விகளுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, நூலகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.